வெங்காயத்தின் சிரிப்பு: விக்டோரியா காலத்துப் பெண்கள் சாப்பாட்டை ரசித்து எழுதினார்களா?

நிலாச்சோறு:

விக்டோரியா கால இங்கிலாந்து என்றதும் இறுக்கிக் கட்டிய இடுப்பும், மேசையில் வாய் திறக்காத குடும்பமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வசதியான வீட்டுப் பெண்ணுக்குப் பசிக்கிறது என்பதே வெளியே தெரியக் கூடாது. வளரும் பெண்பிள்ளைக்கு இறைச்சியும் காரசாரமும் கொடுத்தால் உடம்பில் வேண்டாத சூடு கிளம்பும் என்று மருத்துவர்கள் சொன்ன காலம் அது. சாப்பிட மறுத்து மெலிந்துபோன இளம்பெண்களின் நோயை வில்லியம் கல் என்ற பெரிய மருத்துவர் லண்டனில் விவரித்ததும் அந்தக் காலத்தில்தான், 1873-இல்.

அதே லண்டனில் 1896-இல் எலிசபெத் ராபின்ஸ் பென்னல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் ‘தி ஃபீஸ்ட்ஸ் ஆஃப் ஆட்டோலிக்கஸ்’. துணைத்தலைப்புதான் விஷயம்: ‘ஒரு தீனிக்காரியின் நாட்குறிப்பு’. யாரோ வைத்த வசைப்பெயர் இல்லை, அவரே தனக்குச் சூட்டிக்கொண்டது. முதல் கட்டுரையின் தொடக்கமே, பெருந்தீனியைக் கொடிய பாவங்களில் சேர்த்துவிட்டார்கள், அதைத் தலையாய நற்குணங்களில் ஒன்றாக அல்லவா மதிக்க வேண்டும் என்கிறது.

பென்னல் பிலடெல்பியாவில் பிறந்த அமெரிக்கர். கணவர் ஜோசப் ஓவியர். இருவரும் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பயண நூல்கள் எழுதினார்கள். பெண்ணுரிமை பேசிய மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் வாழ்க்கை வரலாற்றை 1884-இலேயே எழுதியவர் பென்னல். பிறகு ‘பால் மால் கெசட்’ நாளிதழில் பெண்கள் முறைவைத்து எழுதிய ஒரு பத்தியில் இவருக்குச் சாப்பாடு வந்தது. அந்தக் கட்டுரைகளின் தொகுப்புதான் இந்தப் புத்தகம். சிப்பி, காளான், தக்காளி, பாலாடைக்கட்டி, காபி என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை. அளவு, நேரம் என்று கணக்குப் பார்த்து எழுதமாட்டார். ஓர் ஓவியக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவதுபோல் எழுதுவார். ஓவிய விமர்சனமும் அவர் தொழில்தான்.

என் கேள்வி இதுதான். பென்னலுக்கு முன்னால் ஐம்பது அறுபது ஆண்டுகளாகப் பெண்கள் சமையல் புத்தகம் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவற்றில் எங்கேயாவது ‘எனக்குப் பிடிக்கும், நான் ரசித்துச் சாப்பிட்டேன்’ என்ற குரல் கேட்கிறதா? இல்லை, எல்லாம் வீட்டுக்கடமைதானா?

கொத்துமல்லி:

கடமைதான். சந்தேகம் இருந்தால் இசபெல்லா பீட்டனைப் புரட்டுங்கள். 1861-இல் வந்த வீட்டு நிர்வாகப் புத்தகம், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பக்கம். முதல் அத்தியாயமே வீட்டுத்தலைவியைப் படைத்தளபதியோடு ஒப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. பெரிய கேரட்டை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைக்கச் சொல்கிறார். நோயாளிக்கு ஒரு சாண்ட்விச் சொல்லியிருக்கிறார்: வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகள், நடுவில் ஆறிப்போன ஒரு டோஸ்ட், கொஞ்சம் உப்பு, மிளகு. ரொட்டிக்கு நடுவில் ரொட்டி! இதில் ரசனையை எங்கே தேடுவது?

பழஞ்சுவடி:

கொத்துமல்லி தம்பி, பீட்டனை வைத்து அந்தக் காலத்தையே எடைபோட வேண்டாம். அந்த அம்மா சமையல்காரரே இல்லை, பத்திரிகைக்காரர். கணவர் சாமுவேல் பதிப்பாளர். அவருடைய பெண்கள் மாத இதழில் எழுத ஆரம்பித்து, 1859 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டுச் சேர்த்த புத்தகம் அது. குறிப்புகளில் பெரும்பாலானவை வாசகிகள் அனுப்பியவை, முன்னோர் புத்தகங்களிலிருந்து எடுத்தவை. முதல் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்து, நான்காவது பிரசவம் முடிந்த சில நாளில் காய்ச்சல் கண்டு, 1865-இல் 28 வயதில் இறந்துபோனார். நாம் படத்தில் கற்பனை செய்யும் தடித்த, அதட்டுகிற மூதாட்டி எப்போதுமே இருந்ததில்லை.

நிலாச்சோறு கேட்கிற குரல் வேண்டுமானால் எலிசா ஆக்டனிடம் போக வேண்டும். 1845-இல் லாங்மன் நிறுவனம் வெளியிட்ட ‘மாடர்ன் குக்கரி’. ஆக்டன் முதலில் கவிஞர், 1826-இல் கவிதைத் தொகுதி போட்டவர். ‘கவிதை யாருக்கு வேண்டும், போய் ஒரு சமையல் புத்தகம் எழுதி வாருங்கள்’ என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பினார் என ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கதையாகவே நன்றாக இருக்கிறது. திருமணம் செய்துகொள்ளவில்லை; கென்ட் பகுதியில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் இருந்துகொண்டு ஆண்டுக்கணக்காகச் சமைத்துப் பார்த்து எழுதினார்.

குறிப்பின் முடிவில் பொருள்களையும் அளவையும் நேரத்தையும் தனியாகத் தொகுத்துக் கொடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். பீட்டன் அதைத் தலைக்கு மாற்றிவைத்தார், பெயரும் பீட்டனுக்குப் போய்விட்டது. தன் உழைப்பைப் பேர் சொல்லாமல் அள்ளிக்கொள்கிறார்கள் என்று ஆக்டன் 1855 பதிப்பின் முன்னுரையிலேயே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அதாவது பீட்டனுக்கு முன்பே அந்தக் கைவரிசை தொடங்கிவிட்டது.

அடுப்படி அரசி:

பழஞ்சுவடி ஐயா, ஆக்டனின் இரண்டு புட்டிங்குகளைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! ஒன்று ‘பதிப்பாளர் புட்டிங்’, மற்றொன்று ‘ஏழை எழுத்தாளர் புட்டிங்’. பதிப்பாளருக்குப் பாதாம், கிரீம், எலும்பு மஜ்ஜை, உலர்திராட்சை, பிராந்தி எல்லாம் உண்டு. இந்தப் புட்டிங்கை எவ்வளவு செழிப்பாகச் செய்தாலும் தகும் என்று முதல் வரியிலேயே குத்துகிறார். ஏழை எழுத்தாளருக்குப் பால், முட்டை, சர்க்கரை, மேலே வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு, அவ்வளவுதான். தன் பதிப்பாளர் காசில் அச்சாகும் புத்தகத்திலேயே இதைச் செய்திருக்கிறார் பாருங்கள்.

ஏழை எழுத்தாளருடையதை நான் செய்து பார்த்தேன். பாலில் எலுமிச்சைத் தோலும் பட்டையும் போட்டு, வாசனை இறங்கியதும் வடிகட்டி, முட்டை அடித்து ஊற்றி, மேலே ரொட்டி அடுக்கி அவனில் வைப்பது. அடியில் நடுங்குகிற பால்கட்டி, மேலே மொறுமொறு. பதிப்பாளர் தன்னுடையதை வைத்துக்கொள்ளட்டும். இப்படி ஒரு குறிப்பை வாய் ருசி தெரியாதவர் எழுத முடியாது. ‘நான் ரசித்தேன்’ என்று வாயால் சொல்லவில்லை, சரி. ஆனால் அடுப்பிலிருந்து எந்த நொடியில் இறக்க வேண்டும் என்று ஒருத்தி அத்தனை கவலைப்பட்டால் அதற்குப் பேர் என்ன?

நிலாச்சோறு:

அக்கா, ஒத்துக்கொள்கிறேன், பாதி. ஆக்டன் முன்னுரையில் தரும் காரணம் வேறு: நல்ல உணவுப்பொருள் நம் நாட்டில் அறியாமையால் தினம் தினம் வீணாகிறது, அதைத் தடுக்கவே இந்தப் புத்தகம் என்கிறார். 1857-இல் ரொட்டிக்காகத் தனிப் புத்தகம் எழுதினார். கடை ரொட்டியில் வெளுப்பாகத் தெரியப் படிகாரம் கலந்த காலம். ஹாசல் என்ற மருத்துவர் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கலப்படமாக அம்பலப்படுத்திக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே பிராட்ஃபோர்டில் மிட்டாயில் ஆர்செனிக் கலந்துபோய் இருபது பேர் வரை செத்தார்கள். ஆகவே ஆக்டனின் அக்கறைக்கு நியாயம் இருந்தது. எனக்குப் படுவது, அந்த நியாயம் அவருக்கு ஒரு முக்காடாகவும் உதவியது. குடும்ப நலன், சிக்கனம், கலப்படமில்லா உணவு என்று சொல்லிவிட்டால் போதும், அப்புறம் புட்டிங்கைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பென்னல் அந்த முக்காட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

செவ்வந்தி:

சமையல் புத்தகத்திலேயே நிற்கிறீர்கள். பெண்கள் சாப்பிடும் இன்பத்தை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்று பார்க்க நாவலுக்கு வாருங்கள்.

எலிசபெத் கேஸ்கலின் ‘கிரான்ஃபர்ட்’, 1851 முதல் 1853 வரை பத்திரிகையில் வந்தது. அதில் இரண்டு முதிர்கன்னிச் சகோதரிகள், மிஸ் ஜென்கின்ஸ், மிஸ் மேட்டி. ஆரஞ்சுப் பருவம் வந்தால் அக்காவுக்குச் சங்கடம். நறுக்கினால் சாறெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும். ஆனால் உறிஞ்சுவது என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது, கைக்குழந்தை பால் குடிப்பது நினைவுக்கு வந்துவிடும். எனவே உணவு முடிந்ததும் இருவரும் எழுந்து, ஆளுக்கு ஓர் ஆரஞ்சை மௌனமாக எடுத்துக்கொண்டு, அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உறிஞ்சுவார்கள். நிலாச்சோறு சொன்ன அந்தக் காலம் முழுவதும் இந்த ஒரு பத்தியில் இருக்கிறது.

அதே நாவலில் பட்டாணிக் காட்சி. ஹோல்புரூக் என்ற நாட்டுப்புறக் கிழவர் வீட்டில் விருந்து. கொடுத்தது இரண்டு பல் முள்கரண்டி. இளம் பட்டாணி அதன் நடுவில் விழுந்துவிடுகிறது. மிஸ் மேட்டி ஒவ்வொன்றாகக் குத்திக் குத்திச் சாப்பிடுகிறாள். மிஸ் போல் பெருமூச்சு விட்டு அப்படியே தட்டில் விட்டுவிடுகிறாள். வீட்டுக்காரர் அகலக் கத்தியில் அள்ளி அள்ளி வாயில் போடுகிறார். கதைசொல்லி அவரைப் பார்த்துத் தானும் கத்தியாலேயே சாப்பிட்டுவிடுகிறாள். தோழிகளால் அது முடியவில்லை. நாகரிகம் தெரியாதவருக்குப் பட்டாணி கிடைத்தது, தெரிந்தவர்கள் பட்டினி.

கவிதையிலும் உண்டு: கிறிஸ்டினா ரொசெட்டியின் ‘காப்ளின் மார்க்கெட்’ என்ற நெடுங்கவிதை, 1862. லாரா தன் பொன்முடியை விலையாகக் கொடுத்துப் பூதங்களின் பழத்தை வாய் வலிக்க உறிஞ்சுகிறாள், பிறகு ஏங்கியே தேய்கிறாள். தங்கையோ உதட்டை இறுக மூடிக்கொண்டு, முகமெல்லாம் சாறு வழிய வந்து அவளைக் காப்பாற்றுகிறாள். ஆசைப்பட்டால் தண்டனை என்ற நீதிக்கதைதான். ஆனால் அந்தப் பழங்களை வரிசையாகச் சொல்லும் தொடக்க வரிகளை உரக்கப் படித்துவிட்டு, எழுதியவருக்குப் பழத்தின் மேல் ஆசை இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

கொத்துமல்லி:

ஆரஞ்சு விஷயம் அருமை. சரி, நான் தோற்றேன் என்று சொல்லமாட்டேன், பீட்டனைப் பற்றி மட்டும் என் கருத்து மாறாது.

தோழர் காக்கை:

எல்லாம் சரி. ஒரு சின்னக் கேள்வி: அந்த ஆரஞ்சுத் தோலை யார் எடுத்துப் போட்டார்கள்?

பென்னல் ‘தீனிக்காரி’ என்று கம்பீரமாகச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அடுப்பில் நின்றது அவர் இல்லை. அவர் வீட்டில் அகஸ்டீன் என்ற பிரெஞ்சுச் சமையல்காரி இருந்தாள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வீட்டு வேலையில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அவர்களுக்கும் நாக்கு இருந்ததல்லவா?

ஹன்னா கல்விக் என்று ஒருவர், 1833-இல் பிறந்தவர், சிறு வயதிலிருந்தே வீட்டு வேலை. 1854-இலிருந்து நாட்குறிப்பு எழுதினார். ஆர்தர் மன்பி என்ற கனவான் கேட்டு எழுதியது. இருவரும் 1873-இல் இரகசியமாக மணந்துகொண்டார்கள். அதில் கரி அள்ளியது, அடுப்புக்குக் கறுப்பு பூசியது, பாத்திரம் தேய்த்தது, வாசற்படி கழுவியது என்று பக்கம் பக்கமாக வரும். அதையும் பென்னலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் படம் முழுமையாகும். இல்லாவிட்டால் வசதியான பெண்கள் வசதியாகச் சாப்பிட்டதைப் பாராட்டிவிட்டுக் கலைந்துபோகிறோம்.

அடுப்படி அரசி:

தோழர், நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஆண்கள் காலங்காலமாக யாரோ சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ‘ரசனை’ என்று புத்தகம் எழுதியபோது இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள்? பெண் ஒருத்தி எழுதியதும் பாத்திரம் யார் தேய்த்தது என்று வந்துவிடுகிறது.

தோழர் காக்கை:

ஆண்களிடமும் கேட்பேன் அரசி அக்கா. இந்த இணைய இழை அவர்களைப் பற்றியது இல்லையே என்று விட்டேன்.

நிலாச்சோறு:

இரண்டு பேரும் சொல்வது சரி என்பதால் சமாதானம் பேசப் போவதில்லை. ஒரு தகவல் மட்டும்: பென்னல் 1910-இல் தன் வீட்டில் வேலை செய்தவர்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். எஜமானியின் பார்வைதான், சில இடங்களில் எரிச்சலூட்டும். ஆனாலும் அகஸ்டீனை ஒரு மனுஷியாகப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அப்புறம், வெளியே சாப்பிடுவது. மரியாதைக்குரிய பெண் தனியாக உணவகத்துக்குப் போவது நெடுங்காலம் வழக்கத்தில் இல்லை. 1864-இலிருந்து ஏரேட்டட் பிரெட் கம்பெனி தேநீர்க் கடைகளைத் திறந்தது. 1894-இல் லண்டன் பிக்காடிலியில் லயன்ஸ் நிறுவனத்தின் முதல் தேநீர்க் கடை. கடைக்கோ வேலைக்கோ வந்த பெண் ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டு, துணையில்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கிடைத்தது. என்னைக் கேட்டால் இது பென்னலின் புத்தகத்தைவிடப் பெரிய விஷயம்.

மிளகுத்தண்ணீர்:

நம்ம ஊர் வாசனை இல்லாமல் இழை போகிறதே. ஆக்டன், பீட்டன் இருவர் புத்தகத்திலும் என் பெயரில் ஒரு சூப் உண்டு, மெட்ராசிலிருந்து போனது.

அதைவிட முக்கியம் ஆக்டனின் கறி அத்தியாயம். கீழை நாட்டவர் பலவிதச் சம்பாரங்களை நுட்பமாகக் கலந்து, நல்ல காய்கனிப் புளிப்பைக் கொண்டு சமன்படுத்துகிறார்கள். நம் கறியிலோ மஞ்சளும் மிளகாயும்தான் தூக்கலாக நிற்கின்றன என்று தன் நாட்டவரைக் கண்டிக்கிறார். நம் சமையல்காரர்களுக்குத் திறமை இல்லை என்பது மட்டும் காரணமில்லை, பச்சையாகச் சேர்க்க வேண்டிய பொருள்கள் இங்கே கிடைப்பதில்லை என்கிறார். துருவிய தேங்காயைக் குழம்பில் ஒரு மணி நேரம் வேகவிடச் சொல்கிறார். பதப்படுத்தியது வேண்டாம், ஓட்டோடு வந்த புளி வேண்டும் என்கிறார். சோற்றைத் தனிப் பாத்திரத்தில் அனுப்பி, முதலில் சோறு பரிமாறி, அதன் மேல் கறியை ஊற்ற வேண்டுமாம்! கென்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார் இதை.

இதற்கு எதிர்முனையில் ஃப்ளோரா ஆனி ஸ்டீல். 1868 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில், பெரும்பாலும் பஞ்சாபில் வாழ்ந்தவர். அந்த ஊர்க் கதைகளைச் சேகரித்துத் தொகுத்தவர். கிரேஸ் கார்டினரோடு சேர்ந்து 1888-இல் இந்தியாவுக்கு வரும் துரைசானிகளுக்காக வீட்டுக்கையேடு போட்டார். அதில் உள்ளூர்ச் சமையலுக்குச் சில பக்கங்கள்தான். எண்ணெயும் இனிப்பும் அளவுக்கு மீறியவை என்று ஒரே போடு. பீட்டனின் தளபதி இந்தியாவுக்கு மாற்றலாகி வந்தால் எப்படி இருப்பாரோ அப்படி ஒரு புத்தகம்.

பழஞ்சுவடி:

ஸ்டீலை மட்டும் குறை சொல்ல வேண்டாம். அவருக்குப் பத்தாண்டு முன்பே, 1878-இல், மெட்ராஸில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் என்பவர் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் எழுதிய புத்தகத்தில், பழைய பாணிக் கறிகள் வெள்ளைக்காரர் விருந்து மேசையிலிருந்து மெல்ல விரட்டப்பட்டுவிட்டதைக் குறித்திருக்கிறார். பிரெஞ்சு மெனு போடுவதுதான் அப்போது அந்தஸ்து. பந்தாவும் அதிகாரமும் கூடக்கூட நாக்கு குறுகிவிட்டது. ஆக்டன் எழுதியது 1857 சிப்பாய்க் கலகத்துக்கு முன்னால் என்பதையும் மறக்கக் கூடாது.

செவ்வந்தி:

இடையில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று: கேத்தரின் டிக்கன்ஸ். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் மனைவி, பத்துப் பிள்ளை பெற்றவர். 1851-இல் ‘லேடி மரியா கிளட்டர்பக்’ என்ற வேடிக்கைப் பெயரில், இரண்டு பேர் முதல் பதினெட்டுப் பேர் வரைக்கும் என்ன விருந்து வைக்கலாம் என்று பட்டியல் பட்டியலாக ஒரு சிறுநூல் போட்டார். முடிவில் அடிக்கடி வாட்டிய பாலாடைக்கட்டி வரும். வீட்டில் யாருக்கோ அதன் மேல் அத்தனை பிரியம். இதைக்கூடக் கணவர்தான் எழுதியிருப்பார் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். 1858-இல் அவரை வீட்டைவிட்டுப் பிரித்து அனுப்பிய கணவர்!

கொத்துமல்லி:

ஐஸ்கிரீம் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஆக்னஸ் மார்ஷல். 1883-இல் லண்டன் மார்டிமர் தெருவில் சமையல் பள்ளி, 1885-இல் ஐஸ்கிரீமுக்கென்றே ஒரு புத்தகம், கூடவே கையால் சுற்றும் ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை, 1886-இலிருந்து ஒரு வார இதழ். தன் பெயர் போட்ட ஜெலட்டின், வண்ணம், பேக்கிங் பவுடர் என எல்லாம் விற்றார். ராணி இறந்த 1901-இலேயே, திரவமாக்கிய வாயுவை ஊற்றிக் கலக்கினால் விருந்தாளிகள் மேசையிலேயே ஐஸ்கிரீம் செய்துகொள்ளலாம் என்று எழுதிவிட்டார். இன்று நட்சத்திர ஹோட்டலில் புகை விட்டுக் காட்டி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்களே, அதேதான். கடமை, முக்காடு எதுவும் இல்லை. ஐஸ்கிரீமுக்கு எந்தக் கடமை? சுத்தமான இன்பம், அதில் சுத்தமான வியாபாரம்.

அடுப்படி அரசி:

பாருங்கள், பீட்டனை விட்டதும் தம்பிக்கே ரசனை வந்துவிட்டது. நிலாச்சோறு, பென்னலை நான் படித்ததில்லை. எங்கே தொடங்கலாம்?

நிலாச்சோறு:

முதல் கட்டுரையை விட்டுவிடுங்கள் அக்கா, அதில் கொஞ்சம் பிரசங்கம் உண்டு. காலையிலேயே முட்டையும் பன்றி இறைச்சியும் வைத்துக்கொண்டு உட்காரும் ஆங்கிலேயர்களைக் கேலி செய்யும் காலை உணவுக் கட்டுரை நன்றாக இருக்கும். அதற்கும் முன்னால் வெங்காயம். கவிஞர்கள் வெங்காயத்தில் கண்ணீரை மட்டுமே பார்க்கிறார்கள், அதன் சிரிப்பைப் பார்ப்பதில்லை என்று ஆரம்பிப்பார். வெங்காயத்தைச் சமையலறையிலிருந்து விரட்டினால் சாப்பிடும் இன்பமே கூடக் கிளம்பிப் போய்விடும் என்கிறார். 1900-இல் இதே புத்தகம் வேறு பெயரில் மறுபடி வந்தது. எந்தப் பெயரில் கிடைத்தாலும் உள்ளே ஒன்றுதான். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

தோழர் காக்கை:

வெங்காயம் உரித்தது அகஸ்டீன்தானே?

நிலாச்சோறு:

ஆமாம் தோழர். அடுத்த இழையை ஹன்னா கல்விக்குக்கு நீங்கள் தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன்.